வீட்டுக்கு வந்தும் வேலை விடவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கையில் சோறு, தலையில் டிஸ்பேட்ச். ராணிப்பேட்டை சிப்காட்டில் கம்பெனி பஸ் ஏறுகிறவர், சென்னையில் வேலை முடித்துக் காட்பாடியில் ரயில் இறங்குகிறவர், வேலூர் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடிக்கிற நர்ஸ், சத்துவாச்சாரி வீட்டுக் கட்டில்மேலேயே லேப்டாப்பை மூடுகிறவர் என நாலு பேரும் சொல்கிற புகார் ஒன்றுதான்: "வேலை மண்டையை விட்டுப் போக மாட்டேங்குது." ஆனால் நாலும் ஒரே கோளாறு இல்லை. ஒருவருக்கு அரைகுறையாக நிற்கும் வேலை, ஒருவருக்கு போன், ஒருவருக்குத் தூக்கம், இன்னொருவருக்கு உண்மையிலேயே மூன்று ஆள் வேலை. அதனால்தான் "கொஞ்சம் ரிலாக்ஸா இரு" என்ற பொது மருந்து யாருக்கும் கேட்பதில்லை.

போர் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் மெக்கானிக் எடுத்தவுடன் மோட்டாரை மேலே தூக்க மாட்டார். கரன்ட் வருகிறதா, கெபாசிட்டர் போயிருக்கிறதா, தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டதா என்று வரிசையாகப் பார்ப்பார். இங்கேயும் அப்படித்தான்.

எதையும் மாற்றுவதற்கு முன்: மூன்று நாள் குறிப்பு

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். வேலை நினைப்பு வரும்போதெல்லாம் மூன்றே விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, என்ன நினைப்பு, அதற்கு முந்தின நிமிஷம் கை என்ன செய்துகொண்டிருந்தது. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், கோளாறு எங்கே என்று காட்டுவதோ அதுதான். "8:10, சாம்பிள் அப்ரூவல், போன் பார்த்தேன்" என்று ஐந்து தடவை வந்தால் உங்கள் சிக்கல் போன். "குளிக்கும்போது", "சும்மா உட்கார்ந்திருந்தபோது" என்று வந்தால் முடியாத வேலை. எல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் என்றால் நேராகத் தூக்கப் பகுதிக்குப் போங்கள்.

பிறகு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினால் எது பலித்தது என்று தெரியாது, பத்து நாளில் எல்லாமே நின்றுபோகும்.

அறிகுறி 1: ஒரே விஷயம் திரும்பத் திரும்ப மனசில் ஓடுகிறது

முடிக்காத வேலை மனதில் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று 1927-ல் ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். முடிக்காததுதான் அதிகம் ஞாபகத்தில் நிற்கும் என்ற அவர் கணக்கு பிற்காலச் சோதனைகள் எல்லாவற்றிலும் அப்படியே வரவில்லை. நமக்குப் பயன்படுவது 2011-ல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் காட்டியது: வேலையை முடிக்கவே வேண்டாம், எப்போது, எப்படி முடிப்பது என்று திட்டவட்டமாக ஒரு ஏற்பாடு செய்துவிட்டாலே அந்த நினைப்பின் தொந்தரவு குறைகிறது. மனசுக்கு வேண்டியது முடிவு கூட இல்லை, பொறுப்பை யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்ற நம்பிக்கைதான். அந்த "யாரோ" ஒரு நோட்டாக இருக்கலாம்.

கிளம்புவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் அலாரம் வையுங்கள். அதில் பத்து நிமிடம் நோட்டுக்கு. நிலுவையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

ஷூ பேக்டரி சூப்பர்வைசர் ஒருவர் இப்படி எழுதினால் பயன் இல்லை:

"லைனிங் பிரச்சினை. பார்க்கணும்."

இது நோட்டுக்குள் போன கவலை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் மனசு திரும்பவும் "என்ன பார்க்கணும்?" என்று கேட்கும். இப்படி இருக்க வேண்டும்:

"லைனிங் 2 கட்டு குறையுது. காலை 8:45, ஸ்டோர்ல இன்வர்டு ரெஜிஸ்டர் பாக்கணும். வரலைன்னா கட்டிங் டேபிள் 2-ஐ கறுப்பு ஆர்டருக்கு மாத்தணும்."

மணி இருக்கிறது, முதலில் கால் எங்கே போக வேண்டும் என்று இருக்கிறது, அது நடக்காவிட்டால் என்ன என்பதும் இருக்கிறது. ராத்திரி மனசு கேட்கும் கேள்வி பெரும்பாலும் அந்த மூன்றாவதுதான்: "வரலைன்னா?" அதை எழுதாமல் விட்டால் முதல் இரண்டும் பாதிதான் வேலை செய்யும்.

ஐந்து வரி, மிஞ்சினால் ஏழு. இருபது வரி வந்தால் நீங்கள் எழுதியிருப்பது நாளைய வேலை இல்லை, மாத வேலை. நாளைக்குத் தொட வேண்டியதை மட்டும் பிரித்து எடுங்கள். எழுதி முடித்ததும் நோட்டை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு வாருங்கள். வீட்டில் திரும்ப நினைப்பு வந்தால் சண்டை போட வேண்டாம். "எழுதியாச்சு" என்று ஒரு வார்த்தை போதும். புதிதாக ஏதாவது தோன்றினால் மட்டும் சட்டைப் பையில் உள்ள துண்டுச் சீட்டில் ஒரு வரி.

எங்கே கெடும்: நோட்டுக்குப் பதில் போனில் எழுதுவது. எழுதப் போன கை வாட்ஸ்அப்பைத் திறந்துவிடும். இதில் காகிதத்துக்கு ஈடு இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஏற்றுமதிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஜெர்மனி நம்மைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும், கோடைக்காலத்தில் மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அவர்களுக்கு மதியம் 2 என்றால் குளிர்காலத்தில் நமக்கு மாலை 6:30. அதாவது நீங்கள் வீட்டுக்கு வரும் நேரத்தில்தான் அங்கே மெயில் சூடு பிடிக்கிறது. "மாலைக்கு மேல் மெயிலே பார்க்க மாட்டேன்" என்று சபதம் போட்டால் இரண்டு நாளில் உடையும். பதிலாக 8:30 முதல் 8:45 வரை ஒரு ஜன்னல் வைத்துக்கொண்டு அதைச் சரக்கு வாங்கும் பையருக்கும் சொல்லிவிடுங்கள். குளிர்காலத்தில் அவர்களுக்கு அப்போது மாலை 4, பதில் கிடைத்து வேலையை முடிக்க நேரம் இருக்கும். உட்கார்ந்து, மேஜையில் வைத்து, பார்த்து, மூட வேண்டும். நின்றுகொண்டே பார்த்தால் ஜன்னல் ராத்திரி 11 வரை திறந்தே கிடக்கும்.

அறிகுறி 2: போன் 'டிங்' என்றாலே வயிற்றில் ஒன்று, டிங் வராவிட்டாலும் கை தானாகப் போகிறது

இதில் மன உறுதியைப் பற்றிப் பேசுவது வீண். செட்டிங்ஸ் வேலை இது.

வாட்ஸ்அப்பில் வேலை குரூப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து மியூட் போடுங்கள். 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று கேட்கும். 8 மணி நேரத்தைத் தேர்ந்தால் தினமும் மாலை மறக்காமல் போட வேண்டும், மறப்பீர்கள். "எப்போதும்" போட்டு, வேலை நேரத்தில் நீங்களாகப் போய்ப் பாருங்கள். பிறகு அவற்றை ஆர்க்கைவ் செய்யுங்கள். செட்டிங்ஸில் சாட்ஸ் பகுதியில் ஆர்க்கைவ் செய்தவை அப்படியே இருக்கட்டும் என்ற தேர்வு ஆனில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மெசேஜ் வந்ததும் குரூப் மேலே ஏறி வந்து நிற்கும். மியூட் பலிக்கவில்லை என்பவர்களில் பலருக்குப் பிரச்சினை இந்த ஒன்றுதான். சத்தம் நின்றது, கண்ணுக்கு நிற்கவில்லை.

அடுத்து போனின் 'டு நாட் டிஸ்டர்ப்'. மாலை 7 முதல் காலை 7 வரை தானாக ஆன் ஆகும்படி ஷெட்யூல் போடுங்கள். ஸ்டார் போட்ட நம்பர்களுக்கு விலக்கு உண்டு: வீட்டார், பிள்ளையின் பள்ளி, உண்மையிலேயே அவசரத்துக்குக் கூப்பிடுகிற ஒரே ஒரு ஆபீஸ் நம்பர். ஆண்ட்ராய்டில் ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் தடவை கூப்பிட்டால் மணி அடிக்கும்படி ஒரு வசதி உண்டு, அதையும் ஆன் செய்யுங்கள். இதைச் சொல்லி வைத்தால்தான் மற்றவர்களும் ஒத்துழைப்பார்கள்:

"அவசரம்னா மெசேஜ் போடாதீங்கண்ணா, போன் பண்ணுங்க. எடுக்கலைன்னா உடனே இன்னொரு தபா அடிங்க, கட்டாயம் எடுப்பேன்."

அவசரத்துக்கு ஒரு வழி திறந்திருக்கிறது என்று தெரிந்த மனசு மற்றதை விடும். எல்லா வழியையும் அடைத்தால் "ஒருவேளை ஏதாவது ஆகியிருந்தால்?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும். போனை முழுசாக ஆஃப் செய்தவர்கள் அரை மணியில் திரும்ப ஆன் செய்வது அதனால்தான்.

ஆபீஸ் மெயில் போனில் இருந்தால் அந்த அக்கவுன்டுக்கு மட்டும் சிங்க் ஆஃப். ஆபீஸ் நம்பர் இரண்டாவது சிம்மில் இருந்தால் இன்னும் சுலபம், பல போன்களில் சிம் செட்டிங்ஸுக்குப் போய் அந்த ஒன்றை மட்டும் அணைக்கலாம். கம்பெனியே ஒர்க் புரொஃபைல் (ஆபீஸ் ஆப்கள் மட்டும் தனியாக இருக்கும் பகுதி) போட்டுக் கொடுத்திருந்தால் ஒரே தட்டில் நிறுத்திவைக்கலாம்.

சும்மா ஒரு தடவை பார்த்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் காட்டினார். ராத்திரி 9 மணிக்கு மேனேஜர் மெசேஜைப் படித்து, நாளைக்குத்தான் ஒன்றும் செய்ய முடியும் என்றால் அதுதான் மிக மோசமான நிலை. இரவு முழுக்கச் சுமப்பீர்கள், ஒரு அங்குலம் நகராது. முடிக்க முடியாததைத் திறக்காதீர்கள்.

டிங் இல்லாமலே கை போகிறது என்றால் போனை உடம்பிலிருந்து பிரிக்க வேண்டும். சார்ஜரை ஹாலில் காலண்டர் மாட்டிய பக்கம் நிரந்தரமாக வையுங்கள், சட்டைப் பையில் வேண்டாம். அலாரத்துக்குத்தான் படுக்கையில் வைக்கிறேன் என்பவர்கள் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவிடலாம்.

அறிகுறி 3: வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் அரை மணி நேரம் எரிந்து விழுகிறோம்

"நைனா, நான் சொன்னது காதுல வுழுந்திச்சா?" என்று பிள்ளை இரண்டாம் தடவை கேட்டால் உங்களுக்கு இந்த அறிகுறி இருக்கிறது.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லாததுதான் காரணம். அல்லது இடைவெளி இருந்தும் அதை வேலைக்கே கொடுத்துவிடுகிறோம். சென்னை சென்ட்ரலிலிருந்து காட்பாடி 130 கிலோமீட்டர் சொச்சம், வேக ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதை இரண்டாக வெட்டுங்கள். அரக்கோணம் வரை வேலை: மிச்ச மெயில், நாளைய ஐந்து வரி, ஆபீஸ் புலம்பல் எல்லாம். அரக்கோணம் தாண்டியதும் லேப்டாப் பைக்குள். சோளிங்கர், வாலாஜா ரோடு வரை தூக்கமோ சீட்டாட்டமோ பாட்டோ உங்கள் விருப்பம். திருவலத்தில் பொன்னையாற்றுப் பாலத்தில் ரயில் சத்தம் மாறும்போது போனும் பைக்குள். கடிகாரத்தைவிட இடம் நல்ல அடையாளம், ரயில் லேட் ஆனாலும் பாலம் நகராது.

டூவீலரில் வருகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை. கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்று வருவதை ஓய்வு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பத்து நிமிடம் எங்காவது வண்டியை நிறுத்துங்கள், கோட்டை அகழி ஓரப் பூங்காவில் ஒரு பெஞ்ச் போதும். போன் எடுக்கக் கூடாது. டீ வேண்டுமானால் அதன் கதை கீழே தூக்கப் பகுதியில் இருக்கிறது.

வீட்டில்: செருப்பு, கைகால் கழுவல், உடை மாற்றல், பிறகு முதல் இருபது நிமிடம் வேலைப் பேச்சும் இல்லை, கரன்ட் பில், ஸ்கூல் பீஸ் பேச்சும் இல்லை. இது வீட்டார் செய்ய வேண்டிய உதவி, முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். புலம்பத் தடையில்லை, ஆனால் பத்து நிமிடம் ஒரே மூச்சில் புலம்பிவிட்டு முடிப்பது நல்லது. சாப்பாடு, டிவி, படுக்கை என்று தவணை முறையில் புலம்பினால் ஒரு சண்டையை மூன்று தடவை போட்ட களைப்பு வரும்.

அறிகுறி 4: வீட்டிலிருந்தே வேலை, வேலை எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை

மே மாதத்தில் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஏசி இருப்பது பெட்ரூமில் மட்டும். அதனால் ஆபீஸும் கட்டிலுக்கு ஏறிவிடுகிறது. இதுதான் இந்த ஊரின் தனிச் சிக்கல், தனி ஆபீஸ் அறை வையுங்கள் என்ற அறிவுரைக்கு இங்கே இடமில்லை.

அதே அறையில் சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன மேஜை, ஒரு நாற்காலி. கட்டிலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். கட்டில் தூக்கத்துக்கு மட்டும், மீட்டிங்கைக் காதில் கேட்பதற்குக்கூட அதில் சாய வேண்டாம். முடிந்ததும் லேப்டாப்பை ஸ்லீப்பில் விடாமல் ஷட்டவுன் செய்து, பையில் போட்டு, பீரோவுக்குள் வையுங்கள். திரும்ப எடுக்க மூன்று நிமிடம் ஆக வேண்டும், அந்த மூன்று நிமிடம்தான் உங்கள் காவல்காரன். பிறகு தெருமுனைக் கடை வரை நடந்துவிட்டு வாருங்கள். வேலைக்குப் போனதாக ஒரு நடை, வேலையிலிருந்து வந்ததாக ஒரு நடை.

அறிகுறி 5: தூக்கம் வரவில்லை, அல்லது இரண்டு மூன்று மணிக்கு விழிப்பு வந்து வேலை ஓடுகிறது

முதலில் காபி. அதில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். மாலை 6 மணி ஃபில்டர் காபியில் பாதி 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. டீயில் குறைவு, இல்லாமல் இல்லை. இரண்டு வாரத்துக்கு மதியம் 2 மணியோடு நிறுத்திப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகான தூக்கத்தையும் அரை மணிக்குள் வெட்ட வேண்டும். மூன்று மணி நேரம் தூங்கி எழுந்துவிட்டு ராத்திரி தூக்கம் வராததற்கு ஆபீஸைத் திட்டிப் பயனில்லை.

படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதுங்கள். 2018-ல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை ஆய்வுக்கூடத்தில் தூங்க வைத்துப் பார்த்தார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னால் தூங்கினார்கள். சின்னச் சோதனைதான், ஆனால் செலவு ஒரு தாள்.

நடு இரவில் விழித்தால் மணி பார்க்காதீர்கள். பார்த்ததும் "இன்னும் மூன்று மணி நேரம்தான்" என்று கணக்கு ஆரம்பிக்கும். இருபது நிமிடம் ஆனதாகத் தோன்றினால் எழுந்து வேறு இடத்துக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் அலுப்பான எதையாவது படியுங்கள். கண் சொக்கினால் மட்டும் திரும்பப் படுங்கள். புரண்டுகொண்டே கிடந்தால் கட்டிலே கவலைப்படும் இடம் என்று உடம்பு பழகிவிடும். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம், முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

நைட் டூட்டிக்காரர்களுக்கு வழி வேறு. "பதினாலாம் பெட்டுக்கு டிரிப் மாத்தச் சொன்னேனா?" என்று பஸ்ஸில் தோன்றினால் வார்டுக்கு ஒரே ஒரு தடவை போன் செய்து கேட்டுவிடுங்கள். நோயாளி விஷயத்தில் அடக்கிக்கொள்வது தப்பு. அடிக்கடி இப்படி ஆனால் ஹேண்டோவரை, அதாவது அடுத்த ஷிப்டிடம் ஒப்படைப்பதை, வாயால் மட்டும் சொல்லாமல் சீட்டில் எழுதிப் படித்துக்காட்டுங்கள். திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி, அறையில் தடித்த திரை. இறப்பு நடந்த ராத்திரி இந்தப் பட்டியல்களுக்கு அடங்காது. கூட இருந்த சிஸ்டர் யாருடனாவது பேசிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அறிகுறி 6: லீவு நாள் முழுக்கச் சும்மா இருந்தும் களைப்பு போகவில்லை, ஞாயிறு மாலை வயிற்றைப் பிசைகிறது

வேலையிலிருந்து மீள்வதில் நாலு வகை உண்டு என்று 2007-ல் ஸொன்னென்டாக், ஃப்ரிட்ஸ் என்ற இருவர் பிரித்தார்கள்: வேலை நினைப்பிலிருந்து விலகல், இளைப்பாறல், ஏதாவது ஒன்றில் கைதேறுதல், நம் நேரம் நம் கையில் இருத்தல். இரண்டு மணி நேர ரீல்ஸில் இரண்டாவது மட்டும் கொஞ்சம் கிடைக்கலாம். தலைக்குப் பிடிமானம் இல்லாததால் நடுநடுவே ஆபீஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கையும் கண்ணும் ஒன்றாக வேலை செய்யும் எதுவும் பலிக்கும்: ஷட்டில், தையல், சைக்கிள் ரிப்பேர், இலவம்பாடி முள் கத்தரிக்காய் வாங்கிவந்து முள் குத்தாமல் காம்பு கிள்ளி வதக்குவது. ஏலகிரி போனால் 14 கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுகிறவருக்கு ஆபீஸ் ஞாபகம் வராது, பக்கத்தில் போனோடு உட்கார்ந்திருப்பவருக்கு வரும். இந்த வேலையை ஞாயிறு மாலை 4:30-லிருந்து 7 வரை வையுங்கள், வயிற்றைப் பிசையும் நேரம் அதுதான். சனிக்கிழமை கிளம்பும்போது திங்கள் முதல் ஒரு மணி நேரத்துக்கு என்ன வேலை என்று எழுதிவிட்டு வாருங்கள், அதுவும் சுலபமான ஒன்றாக.

அறிகுறி 7: சொந்தக் கடை, ராத்திரி 10 மணிக்கும் வாடிக்கையாளர் மெசேஜ்

வாட்ஸ்அப் பிசினஸில் பிசினஸ் டூல்ஸ், அதில் அவே மெசேஜ். கடை நேரத்தை முதலில் பதிந்துவிட்டு, அந்த நேரத்துக்கு வெளியே மட்டும் அனுப்பும்படி ஷெட்யூல் போடுங்கள். வாசகம்: "வணக்கம். கடை காலை 9:30க்குத் திறக்கும். உங்க மெசேஜ் வந்துடுச்சு, காலை 10 மணிக்குள்ள பதில் வரும்." கடைசிப் பாதிதான் முக்கியம், நேரம் சொல்லாவிட்டால் மறுபடி மறுபடி கேட்பார்கள். 10 மணி என்று எழுதிவிட்டு 12 மணிக்குப் பதில் போட்டால் ஒரே வாரத்தில் திரும்ப ராத்திரி போன் வரும்.

எல்லாம் செய்தும் மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால்

நோட்டைப் புரட்டுங்கள். அதே வரிகள் பத்து வேலை நாளாக நகராமல் இருந்தால் கோளாறு மனசில் இல்லை, வேலைச் சுமையில். பிரான்சில் 2017 முதல் வேலை நேரத்துக்குப் பின் இணைப்பைத் துண்டிக்கும் உரிமை பற்றிப் பேசி ஏற்பாடு செய்யச் சட்டமே இருக்கிறது. நம்மூரில் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போக வேண்டியதுதான். "டென்ஷனா இருக்குங்க சார்" என்று தொடங்காதீர்கள். "இந்த ஏழுல நாலுதான் ஒரு நாள்ல முடியுது சார். எந்த மூணை நிறுத்தட்டும், இல்ல யாருக்குக் குடுக்கட்டும்?" என்று கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்தது எதிலும் ஒட்டுதல் இல்லாமல் போனால் செட்டிங்ஸ் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், நாள் முழுக்க இயங்குகிறது, தமிழில் பேசலாம். சாவைப் பற்றிய நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே பேசுங்கள்.

கடைசியாக, ஷிப்மென்ட் வாரமும் ஆடிட் வாரமும் எல்லா ஏற்பாட்டையும் உடைக்கும். உடையட்டும், ஆனால் முடியும் தேதியை வீட்டு காலண்டரில் எல்லோரும் பார்க்க வட்டம் போடுங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் மாலை எல்லாவற்றையும் திரும்பத் தொடங்க வேண்டாம். கிளம்பும் முன் அந்த ஐந்து வரி, போனுக்கு ஹால் சார்ஜர், இந்த இரண்டு மட்டும்.